திராட்சைப் பக்கத்து ஓட்டைகள்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் விரித்தீர்கள். ஒரு பக்கம் கரையான் புற்றின் படம், பக்கத்திலேயே ஒரு பெரிய கட்டடத்தின் படம். புற்றைப் பார்த்துத்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டினார்களாம். "நம்ம புழு ஷெட்டும் இப்படித்தானப்பா?" என்று பெரியவள் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பறம் ஏன் அது சும்மா கெடக்கு? அம்மா ஏன் இன்னமும் மலைக்குப் போகுது?" என்று சின்னவன் கேட்டான். மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். அந்நேரம் கரண்டே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

வாயால் சொன்னால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உங்கள் அம்மா "பிள்ளைகள்ட்ட எதுக்கு இதெல்லாம்" என்பாள். அதனால் எழுதிவைக்கிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா விடியும் முன்னே எழுந்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, அனுமந்தன்பட்டி ரோட்டு முக்கில் போய் நிற்கிறாள். ஜீப் வரும். ஏற்கெனவே பொம்பளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஒண்டிக்கொண்டு குமுளி மலை ஏறி, அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் பழம் எடுத்துவிட்டு, நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் திரும்புகிறாள். காலில் அட்டை கடித்த இடத்தை உங்களுக்குத் தெரியாமல் சுண்ணாம்பு வைத்து அடைத்துக்கொள்கிறாள். கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாயும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாளாம். அவளை அந்த ஜீப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதற்காகத்தான் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தேன். வேறு எந்தப் பெரிய ஆசையும் எனக்கு இல்லை.

மல்பெரி நட்டுவிடலாம், அது வளர்ந்துவிடும். புழுவை வைக்கிற இடம்தான் பாடு. பட்டுப்புழு சூடு தாங்காது, புழுக்கம் தாங்காது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் ஒரு மத்தியானத்தில் எல்லாம் துவண்டுவிடும். நம்மிடம் இருந்ததோ தகரக் கொட்டகை.

அப்போதுதான் பெரியப்பா மகள், உங்கள் அக்கா, மதுரையில் கட்டடம் வரைகிற படிப்பு படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்தாள். நம் நிலத்துக்கும் பெரியப்பா நிலத்துக்கும் நடுவில், கிணற்றை ஒட்டி ஒரு புற்று இருந்தது. ஆள் உயரம். ஆடி வெள்ளியில் பொம்பளைகள் மஞ்சள் தூவிப் பால் ஊற்றுவார்கள். அவள் அந்தப் புற்றின் அடியில் ஒயர் நுனியில் தொங்குகிற வெப்பமானியைச் செருகி, காலையிலும் மத்தியானத்திலும் வந்து வந்து பார்த்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே முள் லேசாகத்தான் நகர்ந்திருக்கும்.

"எப்படி ஆத்தா?" என்றேன்.

"மண்ணு தடிமன் சித்தப்பா. அடியில பூமியோட சேந்து கெடக்கு. சட்டுனு சூடாகாது, சட்டுனு குளிராது" என்றாள். "ஆனா உள்ளுக்குள்ள அத்தன உசுரு மூச்சு விடுதுல்ல, அந்தக் கெட்ட காத்து வெளிய போகணுமே. அதுதான் வேடிக்க."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். கரையான்கள் புற்றுக்குள் ஒரு பூஞ்சையைப் பயிர் வைத்து வளர்க்கின்றன, நம் ஆட்கள் காளான் வளர்ப்பது போல. அந்தப் பயிருக்குச் சூடும் ஈரமும் ஒரே நிதானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். புற்றின் வெளிப்பக்கம் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். பகலில் அந்த மடிப்புகளில் வெயில் பட்டு உள்காற்று சூடாகி மேலே ஏறும், நடுவில் இருக்கிற காற்று கீழே இறங்கும். ராத்திரி வெளியே குளிர்ந்ததும் அப்படியே திருப்பி ஓடும். சுவர் பார்க்கத்தான் கெட்டி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கெட்ட காற்று கசிந்து வெளியே போகும், நல்ல காற்று உள்ளே வரும். பொழுதுக்கும் கரையான்கள் ஒரு பக்கம் மண்ணை எடுப்பதும் ஒரு பக்கம் அப்புவதுமாக இருப்பது புற்றைச் சரி பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அம்மா, "தண்ணித் தொட்டி ஓரத்துல வெயில் நேரத்துல தேனீ மொய்க்குதே, அதும் இப்படித்தானா?" என்று கேட்டாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமா சித்தி! அந்தத் தண்ணியக் கொண்டு போயி கூட்டுக்குள்ள தெளிச்சுவிட்டு, றெக்கையால விசிறும்." "எங்களுக்குத்தான் விசிற ஆளில்ல" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில்தான் ஷெட் பிறந்தது. அக்கா படம் வரைந்தாள். தகரத்தைப் பிரித்துப்போட்டு, நம் காட்டு மண்ணையே குழைத்துத் தடிமனாகச் சுவர் வைத்தோம். கூரை நடுவில் உயரமாக ஒரு புகைபோக்கி மாதிரி குழல். வெயிலில் அந்தக் குழல் சுட்டால் உள்ளே இருக்கிற சூட்டுக் காற்றை மேலே இழுத்துவிடும். இழுத்த காற்றுக்குப் பதில் காற்று வர, மேற்குச் சுவரின் அடியில் வரிசையாக ஓட்டைகள். புழு மேல் முட்டையிட்டுக் கொல்கிற ஊசி ஈ வராமல் வலை, வலைக்கு வெளியே ஈரச் சாக்கு தொங்கவிட ஆணி.

ஓட்டைகள் ஏன் மேற்கே? மேற்கே பெரியப்பாவின் திராட்சைப் பந்தல். நம் சுற்றுவட்டத்தில் எந்த வெயிலிலும் குளிர்ந்து கிடக்கிற இடம் அந்தப் பந்தலுக்கு அடிதான். "எங்கப்பா தோட்டத்துக் காத்த இலவசமா ஒங்களுக்குத் தர்றேன் சித்தப்பா" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

ஒரு சங்கடம் இருந்தது. திராட்சைக்கு ஓயாமல் மருந்து அடிக்க வேண்டும். மழை தூறினால் அடிக்க வேண்டும், பனி விழுந்தால் அடிக்க வேண்டும். பட்டுப்புழுவோ மருந்து வாடை பட்ட இலையைத் தின்றாலே செத்துப்போகும். பெரியப்பா அதற்கு உடனே வழி சொன்னார். "அதுக்கென்ன தம்பி, அடிக்க மிந்தி ஒரு சத்தம் குடுக்கேன். நீ சாக்க எறக்கி ஓட்டைய மூடு. அடங்குனதும் தூக்கிவிடு." அப்படியே நடந்தது. "தம்பி, மருந்து அடிக்கப் போறேன்!" என்று அவர் பந்தலுக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். நாங்கள் ஓடிப்போய்ச் சாக்கை இறக்குவோம். முதல் இரண்டு தடவையும் கூடு நன்றாக வந்தது. தேனி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டை உருட்டிப் பார்த்தவர், "எந்த ஊர் ஏசி ரூம்ல வளத்தீக?" என்று கேட்டார். மூன்றாவது தடவை இளம்புழு வாங்கி வைத்தபோது உங்கள் அம்மா சொன்னாள்: "இதும் நல்லா வந்துருச்சுன்னா ஜீப்புல எனக்கு எடம் வைக்க வேணாம்னு சொல்லிருவேன்."

அந்த நேரத்தில்தான் பெரியப்பாவுக்குப் புற்றைக் கோயிலாகக் கட்ட ஆசை வந்தது. அவருக்கு அந்த வருஷம் பழம் நல்ல விலைக்குப் போனது, பெரியம்மாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. மேலே கூரை, முன்னால் கம்பிக் கதவு, அதெல்லாம் சரி. புற்றையே சிமெண்டு வைத்துப் பூசி, மஞ்சள் டைல்ஸ் ஒட்டி, உச்சியில் பித்தளை நாகம் வைக்கப் போகிறார்களாம். சொந்தக்காரர்கள் எல்லாம் கிணற்றடியில் கூடியிருந்தார்கள். நான் எழுந்து, "கூரை போடுங்கண்ணே, கதவு போடுங்க. புத்தப் பூசாதீக. அது மூச்சு விடுற சாமான்" என்றேன்.

பெரியப்பா சிரித்தார். "ஏலே, புத்துக்கு மூச்சு முட்டுதாம்லே! ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரு வாங்கி வச்சிருவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "எம்மக நாலு கோடு கிழிச்சுக் குடுத்தா, நீ எனக்கே வாத்தியாரா வர்றியாக்கும்?"

"அவளையே கேளுங்கண்ணே."

"பொட்டப்பிள்ளயக் கேட்டுத்தான் சாமி கும்பிடணுமா?"

பெரியம்மா, "சாமி காரியத்துல குறுக்க பேசாதீக தம்பி" என்றார்கள்.

எனக்குச் சிரிப்புச் சத்தம் காதில் நின்றுகொண்டே இருந்தது. "அப்ப சரி, ஆத்தாள உசுரோட வச்சுப் பூசுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறினேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா முகம் கறுத்துப்போனது. "நல்ல காரியம் தொடங்குற எடத்துல என்ன வார்த்தைலே சொன்ன? இனி ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார். நானும் "இல்லாட்டிப் போகுது" என்று வந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் பேச்சில்லை என்றால் எப்படி என்று நீங்கள் பார்த்தீர்கள். நேருக்கு நேர் பேசக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆனால் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. சேதி சொல்லாமல் முடியாது. அதற்குத்தான் மாடு. கிணற்றடிப் புங்க மரத்தில் பெரியப்பாவின் செவலை மாடு கட்டியிருக்கும். நான் கேட்கிற தூரத்தில் இருக்கும்போது அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஏ மாடே, இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல மோட்டாரு நம்ம முறை, ஞாபகம் வச்சுக்க" என்பார். நானும் மாட்டிடம்தான் பதில் சொல்வேன். "மாடே, மோட்டாருல சத்தம் மாறியிருக்கு, பாக்கச் சொல்லு." மருந்து அடிக்கப் போவதையும் மாட்டிடம் இரண்டு தடவை சொன்னார், நாங்கள் சாக்கை இறக்கினோம். சின்னவனே, நீ ஒரு நாள் மாட்டிடம் போய் "பெரியப்பா முட்டாய் வாங்கித் தருவாகளா?" என்று கேட்டாய். எதிர்ப்பக்கம் பெரியப்பா சிரித்ததை நான் பார்த்தேன். இது இப்படியே சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

புழுக்கள் தோல் உரிக்கிற கடைசித் தூக்கம் எழுந்து பேய்த்தீனி தின்கிற நேரம். அத்தனை புழுவும் ஒன்றாக இலை தின்கிற சத்தம் ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி கேட்கும். இன்னும் ஓரிரு நாளில் நூல் கட்ட ஆரம்பித்துவிடும். அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உடன் இருந்தாள். காலைத் தீனி போட்டுவிட்டு இரண்டு பேரும் ரோட்டோரத்துக் கடைசிப் பாத்தியில் மல்பெரிக் கிளை வெட்டிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், மேற்கே இருந்து காற்று. புற்றடியில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மருந்தடிக்கிற மெஷின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

கிளைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாதான் முதலில் உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது கட்டு தரையில் கிடந்தது, அவள் புழுத் தட்டுக்கு முன்னால் நின்றாள். தூறல் சத்தம் இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தன, வாயில் பச்சையாகத் தண்ணி. ஓட்டை வழியே மருந்து வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது. அம்மா ஓடிப்போய்ச் சாக்கை இறக்கினாள். பிறகு, உள்ளே இருக்கிறது வெளியே போகட்டும் என்று மறுபடி தூக்கினாள். பிறகு மறுபடி இறக்கினாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஷெட் வெயில் ஏற ஏற நன்றாக இழுக்கும். அப்படித்தான் அதைக் கட்டினோம். அன்றைக்கும் குறை வைக்கவில்லை.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்கள் தட்டுகளை வெளியே குழியில் கொட்டிக்கொண்டிருந்தோம். பங்காளிகள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். அத்தனை நாள் கழித்து என்னை நேரே பார்த்துப் பேசினார்.

"மாடு இன்னைக்குக் காலம்பற இங்கன இல்லப்பா. உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயிட்டா ஒங்க மதினி, சினை ஊசி போட. வந்து பாக்கேன், புங்க மரத்தடி காலியாக் கெடக்கு. நான் யாருகிட்டச் சொல்ல?"

உங்கள் அம்மாதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அதுவரை அவர் முன்னால் சத்தமாகப் பேசாதவள்.

"செவுத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல மச்சான். செவுத்துலதான் இம்புட்டு ஓட்ட இருக்கே."

பங்காளிகளில் ஒருவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வேண்டுமென்று செய்தாரா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு தடவை நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். மாடு இல்லை, அதனால் சொல்லவில்லை என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் அதை முழு மனசோடு சொன்னார். அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. பத்தடி தள்ளி என் ஷெட் இருப்பதும் அதன் வாய் தன் பக்கம் திறந்திருப்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், பேச்சில்லை என்றால் பேச்சில்லைதான்.

கோயிலுக்குக் கும்பாபிஷேகத் தண்ணீர் ஊற்றிய அன்று ஒலிபெருக்கி வைத்தார்கள். நீங்கள் போய்ப் பொங்கல் வாங்கி வந்தீர்கள். அம்மா சாப்பிட்டாள், நான் சாப்பிடவில்லை. மறு வாரம் அவள் ஜீப் முக்கில் போய் நின்றாள். இன்னொரு தடவை புழு வைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாங்க. அதுக தலையத் தூக்கி அடிச்சது கண்ணுலயே நிக்குது. பக்கத்துல திராட்ச இருக்க வரைக்கும் வேணாம்" என்றாள். ஓட்டையைக் கிழக்கே மாற்றலாம் என்றேன். கிழக்கே இருந்து வருவது வெட்டவெளிச் சூட்டுக் காற்று. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மல்பெரி இப்போது யாரோ வீட்டு ஆடுகளுக்குப் போகிறது.

அக்கா போனில் அழுதாள். "காத்து வர்ற பக்கத்த நான்தான சித்தப்பா அங்கன வச்சேன்." நீ வைத்தது சரிதான் ஆத்தா என்றேன். இப்போது அவள் கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். சுற்றிலும் கண்ணாடி வைத்து, ஜன்னலே திறக்க முடியாத கட்டடங்கள் வரைகிறாளாம். உள்ளே முழுக்க ஏசி. அதைத்தான் கேட்கிறார்களாம்.

புற்று என்னவானது என்று பெரியவள் கேட்பாள். டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஊற்றுகிற பால் மண்ணில் இறங்க வழியில்லாமல் வழுக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடுகிறது, எறும்பு மொய்க்கிறது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். காலிப் பானையைத் தட்டினால் கேட்கிற சத்தம். கரையான்கள் செத்தனவா, அடிவழியாக வேறு பக்கம் போயினவா, தெரியவில்லை. போயிருந்தால் நல்லது.

பெரியப்பா இப்போது என்னோடு பேசுகிறார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்து, பெரியவர்கள் பேசவைத்துவிட்டார்கள். மாட்டை அவர் விற்றுவிட்டார். அவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன், அதுவும் சுருக்கமாக. உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். புத்தகத்தில் இருக்கிற படம் பொய்யில்லை. புற்று மாதிரி கட்டினால் கட்டடம் மூச்சு விடும். வெளியே இருக்கிற காற்றை யார் கெடுக்கிறார்கள் என்று அந்தப் பாடத்தில் கேள்வி இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேள்வி கேட்ட மறுநாள், அம்மா மலைக்கும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, ஷெட்டைத் திறந்து உள்ளே போனேன். தட்டுகளில் தூசி. ஆனால் உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. காலடியில் காற்று வந்துகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தேன்.

பந்தலுக்குள்ளிருந்து பெரியப்பா குரல் கேட்டது. "தம்பி, மருந்து அடிக்கப் போறேன்!"

உள்ளே ஒரு புழு கிடையாது என்று அவருக்குத் தெரியும். இப்போதெல்லாம் ஒரு தடவை கூடத் தவறாமல் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் ஓட ஆரம்பித்தது.

எழுந்தேன். மூலையில் கிடந்த சாக்குகளை எடுத்துத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து, மேற்குச் சுவரின் ஆணிகளில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டையாக மூடிவிட்டு வந்தேன்.